ஒழுகாத வீட்டில் இரண்டு வாளிகள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஃப்ரிட்ஜ் என் அறைக்குள் வந்ததோடு நிறுத்தியிருந்தேன். ஏன் வந்தது என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது. இரவெல்லாம் அது என் காதருகே உறுமிக்கொண்டிருந்தது. காலையில் ஹாலுக்கு வந்தபோதுதான் காரணம் புரிந்தது.

ஹால் நடுவில் ஒரு தகர வாளி. ஜன்னலோரம் இன்னொன்று. வாஷிங் மெஷின் மேல் பழைய போர்வை. டி.வி.யைக் காணோம். சுவிட்ச் போர்டை ஒரு காலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது. முக்காலி மேல் ஒரு அரிக்கேன் விளக்கு. எங்கேயிருந்து பிடித்தார்களோ தெரியவில்லை.

"அத்தை, வீடு ஒழுகுதா?"

"ஒழுகல. ஒழுகுற மாதிரி இருக்கணும்." அத்தை காலால் வாளியை லேசாக நகர்த்தினார். "வாளி இங்க இருந்தா சரியா, இன்னும் கொஞ்சம் தள்ளணுமா? நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க."

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக: என் மனைவி இறந்து இது இரண்டாவது வருடம். நான் இன்னும் அவள் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணமானதிலிருந்து இருவரும் இங்கேதான் இருந்தோம். அவள் போன பிறகு, நான் கிளம்பட்டுமா என்று கேட்கவில்லை. கிளம்பு என்று அவர்களும் சொல்லவில்லை. ஒரு பதிப்பகத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது அவள் அண்ணன், அதாவது என் மச்சான், ஆங்கிலத்தில் எழுதிய நாவல். அவர் இருப்பது வெளிநாட்டில். அங்கே ஒரு பரிசுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. பின் அட்டையில் 'ஒரு தேசத்தின் ஆன்மா' என்று போட்டிருக்கிறார்கள்.

அந்த ஆன்மாவைப் படம் பிடிக்க ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து இன்று ஆள் வருகிறது, கூடவே மச்சானும். அவர் வளர்ந்த வீட்டைப் பார்க்க வேண்டுமாம்.

நாவலில் வீடு ஆற்றங்கரையில் இருக்கிறது. மழை வந்தால் ஒழுகும். கரண்டு கிடையாது. அப்பா படகோட்டி. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடியில். கீழே பேக்கரி, எதிரே பஸ் டிப்போ. மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

மொழிபெயர்த்ததைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். முன்பு அவள் கேட்பாள். வாயில் நிற்காத வாக்கியம் வந்தால் 'ம்ஹும்' என்பாள். நான் அடித்துவிடுவேன். இப்போது அத்தை கேட்கிறார். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் எழுதிய வீட்டை என் குரலில்தான் பார்த்திருக்கிறார்.

பார்த்ததை அப்படியே கட்டிவைத்திருக்கிறார்.

"அத்தை, அது கதை."

"கதைன்னு எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. வர்றவங்களுக்குத் தெரியுமா? வந்து பார்த்துட்டு, இவன் எழுதினதெல்லாம் பொய்யின்னு அவங்க பேப்பர்ல போட்டா? என் பிள்ளை மானம் போயிடாதா?"

மாமா பேப்பரை இறக்கினார். "மேல ரெண்டு மாடி இருக்கு. மேல் வீட்டுக்காரன் குளிச்சாத்தான் இங்க ஒழுகும்."

"நீங்க சும்மா இருங்க. அவங்க வந்தா வாயைத் திறக்காதீங்க."

"ஏன், படகுக்காரன் பேச மாட்டானா?"

மாமாவுக்கும் அந்தப் படகோட்டிக்கும் ஆகாது. நாவலைப் படித்த யாரோ ஒரு பெண், 'உங்கள் அப்பாவை நினைத்து அழுதேன்' என்று மச்சானுக்கு எழுதியிருந்தாள். மச்சான் அதைப் போனில் பெருமையாகப் படித்துக் காட்டினார். மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த அப்பாவை?"

அன்றிலிருந்து பேச்சில் படகு வந்தாலே முகம் மாறிவிடும். "லிஃப்ட் குழியில இறங்கி நின்னிருக்கேன். தலைக்கு மேல வண்டி தொங்கும். ஒரு கயிறு விட்டுச்சுன்னா அப்பளம். அதுல இல்லாத ஆபத்து துடுப்புல என்ன இருக்கு?" என்பார். "அவனுக்கு மட்டும் அழுவாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவாவது நாவலில் படகோட்டியாக இருக்கிறார். நான் இல்லவே இல்லை. நாவலில் என் மனைவிக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"கடைசி அத்தியாயம் இன்னைக்கு முடிஞ்சுடுமா?" அத்தை வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முடிச்சுடுவேன்."

"அதுலதானே அவ பேசறது வருது?"

"ஆமா."

"சாயங்காலம் படிங்க. நான் சீக்கிரம் வேலையை முடிச்சுடறேன்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாவலின் கடைசி வரி தங்கை சாகும்போது அண்ணனிடம் சொல்வது. அது தன் தங்கை நிஜமாகவே சொன்ன வாக்கியம் என்று மச்சான் ஒரு ரேடியோ பேட்டியில் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு டீச்சர் அதைக் கேட்டு அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை அந்த வரிக்காகத்தான் மற்ற அத்தியாயங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நானும் அந்த வரிக்காகத்தான் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

நாவலில் அவள் மழையில், படகில், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் சாகிறாள். நிஜத்தில் அவள் நல்ல ஆஸ்பத்திரியில், ஏசி அறையில், வெயில் அடித்த ஒரு மத்தியானம் போனாள். அந்த நேரம் நான் கீழே மருந்துக் கடையில் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தேன். அறையில் மச்சான் இருந்தார். விமானத்திலிருந்து நேரே வந்திருந்தார். நான் மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன்" என்றார்.

அப்புறம் புத்தகத்தில் சொன்னார். ஆங்கிலத்தில்.

'விளக்கை அணைத்துவிடாதே, நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.' ஆங்கிலத்தில் அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் வாயில் வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. அவள் விளக்கு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நாவலில் மற்ற எதையும் நான் தமிழில் ஆக்கிவிடுவேன். 'அத்தை' என்றால் என்ன உறவு என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு மச்சான் ஒரு பத்தி விளக்கியிருந்தார், வெட்டிவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் மழை, பாதியை நிறுத்திவிட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் தொட முடியவில்லை. இதற்குத் தமிழ் ஏற்கனவே இருக்கிறது. அவள் சொல்லியிருக்கிறாள். அது மச்சானிடம் இருக்கிறது.

என்னிடம் இல்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். மச்சான் ஓட்டலில் தங்கியிருந்தார், பத்திரிகைச் செலவு. கூட வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். தோளில் இரண்டு கேமரா. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கழற்றியது சரிதானா என்று மச்சானைப் பார்த்தாள்.

மச்சான் ஹாலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு அம்மாகிட்ட இதெல்லாம் சொன்னது?"

"நீங்கதான்" என்றேன். "நான் படிச்சேன். அவ்வளவுதான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வாசலில் ஒரு படம் எடுத்துவிட்டு, உடனே அவளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதுதான் அவர் போட்டிருந்த திட்டம். அந்தப் பெண்ணுக்கோ கால் தரையில் இல்லை. வாளி பக்கத்தில் மண்டியிட்டு எடுத்தாள். விளக்கை எடுத்தாள். அத்தையை விளக்குக்குப் பின்னால் நிற்கச் சொல்லி எடுத்தாள். அத்தை கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல் நின்றார்.

பிறகு அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். போன வருடம்தான் பெயின்ட் அடித்தது. பளிச்சென்ற வெள்ளைக் கூரை. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

எங்கே ஒழுகும் என்று கேட்டாள்.

"என்னடா கேக்கறா?" என்றார் அத்தை.

"எங்க ஒழுகுதுன்னு கேக்கறாம்மா."

அத்தை திகைக்கவில்லை. "ஜன்னல் வழியா சாரல் அடிக்கும்னு சொல்லு. காத்து அப்படி."

மச்சான் சொல்லவில்லை. சமீபத்தில் சரிசெய்துவிட்டோம் என்று ஏதோ முனகினார். மாமா எழுந்து வந்தார்.

"டேய், இந்தக் கட்டடத்து லிஃப்டை மாட்டினவன் நான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. மொட்டை மாடியில மோட்டார் ரூம் இருக்கு. வந்தா ஒரு படம் எடுக்கலாம்."

"அது அவங்களுக்கு வேண்டாம்பா."

"ஏன் வேண்டாம்?"

"லிஃப்ட் அவங்க ஊர்லயும் இருக்குப்பா. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்திருக்காங்க?"

"அப்பனும்தான் அவங்க ஊர்ல இருக்கான். அவனை மட்டும் எழுதினியே?"

அந்தப் பெண் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். சண்டை எந்த மொழியில் நடந்தாலும் அப்பா மகன் சண்டை தெரிந்துவிடும் போலிருக்கிறது.

கை கழுவ இடம் தேடியவள் என் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. டி.வி. கட்டிலில் படுத்திருந்தது. மேஜை மேல், அச்சுப் பிரதிகளுக்குப் பக்கத்தில், என் மனைவியின் படம்.

இவள்தான் அந்தத் தங்கையா என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஆமாம் என்றார்.

இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"என் மொழிபெயர்ப்பாளர்" என்றார் மச்சான், ஆங்கிலத்தில்.

நான் மறுக்கவில்லை. பொய் இல்லையே.

அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். மச்சான் எடுத்தார். உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். வெளிச்சம் நன்றாக விழுந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் என்னிடம் கை காட்டினாள்: கொஞ்சம் நகர முடியுமா?

நகர்ந்தேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றேன். நானும் ஃப்ரிட்ஜும் படத்துக்கு வெளியே.

அவர் கையில் இருந்த படத்தை எடுத்தது நான். அவள் அதில் சிரிப்பது என்னைப் பார்த்து. கேமராவில் மூடி போட்டபடியே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன், மூடியைக் கழற்றிய பிறகும் அடங்காத சிரிப்பு அது. அதை அவர் மடியில் வைத்துக்கொண்டு துக்கமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாளாகவே வருவதில்லை. வந்தது வேறு. அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கவேண்டும் என்று வந்தது. அதுவாவது வந்ததே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

கடைசியில் மாமாதான் ஜெயித்தார். அந்தப் பெண்ணைக் கையோடு லிஃப்டில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மச்சான் படிக்கட்டு ஓரம் நின்று லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், கடைசி அத்தியாயத்தை நாளைக்குக் கொடுக்கணும். ஒரு வரி நிக்க மாட்டேங்குது."

"எந்த வரி?" தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"அவ சொன்னது. தமிழ்லதானே சொல்லியிருப்பா? அந்தத் தமிழைச் சொல்லுங்க. அப்படியே போட்டுடறேன்."

"உனக்குத் தெரியாத தமிழா? நீயே ஏதாவது போடு."

"மத்ததெல்லாம் நான் போட்டேன். இது அவ வார்த்தை. இதுக்கு மூலம் உங்க புத்தகம் இல்ல."

அவர் கைப்பிடிக் கம்பியைத் தடவினார். "உனக்கு என் மேல பொறாமை, மாப்ள."

"ஆமா."

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. திரும்பிப் பார்த்தார்.

"ஆமா மச்சான். பரிசுக்காக இல்ல. அந்த மத்தியானம் உங்ககிட்ட இருக்கு. என்கிட்ட மருந்துக் கடை டோக்கன்தான் இருக்கு. நீங்க அவளைப் படகுல ஏத்துங்க, மழையில நனைய வைங்க, கல்யாணம் பண்ணாம வைங்க. அந்த ஒரு வரியை மட்டும் கொடுத்துடுங்க."

மேலே மோட்டார் ரூமில் மாமா எதையோ தட்டிக் காட்டுவது கேட்டது.

"எனக்கும்தான் பொறாமை" என்றார் மச்சான். "எங்கம்மா என் புத்தகத்தை உன் குரல்ல கேக்கறாங்க. நான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல. தங்கச்சியும்கூட, நீ தமிழ்ல எழுதுவியே சின்னச் சின்னதா, அதெல்லாம் எனக்குப் போன்ல படிச்சுக் காட்டுவா. சிரிச்சுக்கிட்டே படிப்பா. நான் என் முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். 'நல்லா இருக்குண்ணா. இது எந்த ஊரு?'ன்னு கேட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது.

"அதுக்கு என்ன சொன்னீங்க?"

"நம்ம ஊருதான்னு சொன்னேன். 'நம்ம ஊர்ல ஆறு எங்கண்ணா இருக்கு? பஸ் ஏறிப் போகணுமே'ன்னா. லிஃப்ட், பஸ் டிப்போ, பேக்கரின்னு எழுதி முதல்ல ஒண்ணு அங்க பதிப்பகத்துக்கு அனுப்பினேன், மாப்ள. சத்தியமா. இதுல உங்க நாடு எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் படகு வந்தது."

"சரி. அந்த வரி?"

அவர் தரையைப் பார்த்தார்.

"நான் தூங்கிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ரெண்டு விமானம் மாறி வந்திருந்தேன். ஏசி. நீ கீழ போனதும் நாற்காலியில உட்கார்ந்தேன். அவ கண்ணு மூடியிருந்தா. நானும் ஒரு நிமிஷம்னு கண்ணை மூடினேன். நர்ஸ் வந்து தோளைத் தட்டினாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப அந்த வரி..."

"சொல்லியிருப்பா. ஏதாவது சொல்லியிருப்பா இல்ல? நான் கேக்கல. கேட்டிருந்தா என்னவா இருக்கும்னு எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அவளே சொன்ன மாதிரி ஆயிடுச்சு. ரேடியோவுல கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வரல."

ஒரு வருடத்துக்கு மேலாக நான் பொறாமைப்பட்ட மத்தியானம் ஒரு தூக்கம். அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் உட்காரவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே மாமா அந்தப் பெண்ணிடம் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டா!" என்றார் மாமா. "மோட்டார் பக்கத்துல நிக்க வச்சு ஒரு படம்." பிறகு குரலை இறக்கி, "ஒண்ணுதான். படகுக்காரனா இருந்தா முப்பது எடுத்திருப்பா."

மச்சான் அவளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு படகை வாடகைக்குப் பேசியிருந்தார்கள்.

நான் மேஜைக்கு வந்தேன். மேஜை மேல் படம் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியில் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். கடைசி அத்தியாயத்தைக் கடைசி வரிக்கு முந்திய வரி வரை முடித்தேன். அதற்குப் பிறகு காகிதம் வெள்ளையாக இருந்தது.

சாயங்காலம் அத்தை சொன்னபடியே வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். புடவை மாற்றியிருந்தார். வாளிகளை எடுக்கவில்லை. "நாளைக்கும் வந்துட்டாங்கன்னா?" என்றார்.

வாசல் கதவு திறந்து கிடந்தது.

படிக்க ஆரம்பித்தேன். மழை. ஆறு. படகோட்டி துடுப்பைப் போடுகிறான். மாமா பேப்பருக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். அக்கரையில் வெளிச்சம் தெரிகிறது. அவள் படகின் நடுவில் படுத்திருக்கிறாள். அத்தை முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரி: அவள் தலைமாட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. நானே எழுதியதுதான்.

"அவள் தலைமாட்டில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான்" என்று படித்தேன்.

திட்டமிட்டுச் செய்யவில்லை. வாய் படித்துவிட்டது.

அத்தை கையைத் தூக்கினார். எல்லா அத்தியாயமும் கேட்டவர்.

"மாப்பிள்ளை, இதுல அவளுக்குக் கல்யாணம் ஆகலையே?"

நான் காகிதத்தையே பார்த்தேன். நிமிரவில்லை.

"ஆயிடுச்சும்மா" என்று வாசலில் குரல் கேட்டது. மச்சான் நின்றுகொண்டிருந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்து, ஷூவெல்லாம் சேறு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. "ஆயிடுச்சு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

மாமா பேப்பரை இறக்கினார். "அப்படின்னா அந்தத் துடுப்பையும் பிடுங்கிட்டு என் கையில ஒரு ஸ்பானரைக் கொடுத்துடச் சொல்லுங்க. திருத்தறதுதான் திருத்தறீங்க."

"நீங்க சும்மா இருங்க." அத்தை மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் எதையோ வைத்துப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்திருக்கீங்க. படிங்க மாப்பிள்ளை. என் பொண்ணு என்ன சொன்னா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். இருவரிடமும் ஒன்றும் இல்லை.